கண்ணாடிக்காரனின் பரவாயில்லை

அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் அன்றைக்கு ஒழுங்காகச் சுற்றியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. காலையில் கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் நோயாளி மாதிரி கொஞ்ச நேரம் முனகியது. மதியக் கூட்டம் வருகிற நேரம் பார்த்து அடியோடு நின்றுவிட்டது.

சமையலறை முழுக்கப் புகை. வெளியே மழை... ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மூச்சு முட்டல். நடுவில் கரண்டியும் கையுமாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள் கடுகு. அது அவள் அண்ணன் வைத்த பெயர். ஆள் சின்னவள், சூடு பட்டால் வெடிப்பாள், அதனால் கடுகு. கல்யாணமாகி வந்த அண்ணியும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கடை நடத்துகிறார்கள். அடுப்படி இவளுக்கு, கல்லா அண்ணிக்கு.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஆறு மேஜை. வாசலில் 'கலவை' என்று ஒரு போர்டு. உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் பேசி முடித்துவைக்கிற இடம். தேங்காய்ப்பாலில் பாஸ்தா, மெக்சிகோ டாக்கோவுக்குள் கொரியா கிம்ச்சி, பீட்சாவின் மேல் வறுத்த எள்ளும் சோயாவும்... திறந்த புதிதில் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "சிமெண்ட் கலவை எப்படிம்மா குடுக்கறீங்க?" என்று கேட்டார். அண்ணி அவரையும் விடவில்லை. உட்காரவைத்து ஒரு பீட்சா சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

"அண்ணி! அந்த மெக்கானிக் வந்தாரா இல்லையா?"

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னாருடி."

"காலையிலேருந்து வந்துக்கிட்டே இருக்காரு! தவழ்ந்து வர்றாரா?"

அப்போதுதான் வாசல் மணி கிணுகிணுத்தது. சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன் உள்ளே வந்தான். தட்டு நீட்டும் ஜன்னல் வழியாகக் கடுகு எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு நெடிய உருவமும் கையில் ஒரு சின்னப் பெட்டியும். போதாதா?

"வந்தீங்களா மகராசா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இல்லைங்க, நான் வந்து..."

"கதையெல்லாம் அப்புறம். முதல்ல உள்ள வாங்க. ஏணி அதோ. ஏறுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு பேசாமல் ஏறினான்.

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தபோதுதான் கடுகுக்கு முதல் சந்தேகம் வந்தது. உள்ளே இருந்த ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பொம்மைக்குச் செய்தது மாதிரி இருந்தன.

"என்னங்க இது... எறும்புக்கு ஆபரேஷன் பண்ற சாமானா?"

"ஸ்விட்சை அணைங்க, சொல்றேன்." அவன் ஒரு மெல்லிய இடுக்கியை இறக்கைக்குள் விட்டுத் துழாவினான். எதையோ பிடித்து இழுத்தான். "ஒரு திருகு கழண்டு உள்ள விழுந்திருக்கு. அதுதான் குறுக்க மாட்டிக்கிட்டு நின்னுது. இப்போ போடுங்க."

ஃபேன் ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றத் தொடங்கியது. புகை வரிசையாக வெளியே போனது. அவன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றபோதுதான் கடுகு அவன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாள். தேன் நிறத்தில் கண்கள்... இமை முடியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கேட்க வந்ததை இவள் ஒரு கணம் மறந்தாள். புகைதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?"

"ஒண்ணும் வேணாம். நான் மெக்கானிக் இல்ல."

"என்னது?"

"எதிர்ல புதுசா திறந்திருக்கிற கண்ணாடிக் கடை என்னுது. பார்வை பார்த்து, பவர் போட்டு, கண்ணாடி செஞ்சு குடுக்கறது தொழில். நடக்க முடியாத ஒருத்தருக்கு வீட்டுக்கே போய் ஃபிரேம் சரி பண்ணிட்டு வந்தேன். ரோட்டைத் தாண்டறதுக்குள்ள கொட்டிடுச்சு. ஒதுங்கலாம்னு வந்தேன்..."

"பின்ன எதுக்கு ஏணியில ஏறினீங்க?"

"நீங்கதான ஏறச் சொன்னீங்க."

"யாரு சொன்னாலும் ஏறிடுவீங்களா?"

"அந்தக் குரல்ல சொன்னா ஏறித்தான் ஆகணும் போலிருந்துது."

கல்லாவில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கடுகுக்குக் காது வரை சிவந்துவிட்டது. செய்த தப்புக்கு ஒரே பரிகாரம் சோறு போடுவதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோர மேஜையில் அவனை உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குள் ஓடினாள். தன் கைக்கு மிகவும் பிடித்த பண்டத்தையே செய்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த பாஸ்தா, கசக்கிப் போட்ட எலுமிச்சை இலை, மேலே வறுத்த எள். பெரிய ஓட்டலில் நாலு வருஷம் வேலை பார்த்தபோது யாரையும் கேட்காமல் அவளாகக் கண்டுபிடித்தது.

சாப்பிடுகிறவர் தலைமாட்டில் போய் நிற்கக்கூடாது என்பது அவள் கொள்கை. தட்டு ஜன்னலிலிருந்துதான் பார்ப்பாள். பார்த்தாள். அவன் ஒரு வாய் வைத்தான். முகம் கோணியது. கண்கள் இடுங்கின. புருவம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. இரண்டாவது வாய்க்கும் அதே கோணல்.

'வேப்பெண்ணெயா குடுத்திருக்கேன்?' என்று பதறினாள் கடுகு.

ஆனால் தட்டு காலி. அதை அவனே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தான்.

"எப்படி இருந்துது?" என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவன் ஒரு கணம் யோசித்தான். "பரவாயில்லைங்க" என்றான்.

போயிற்று.

உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. கெட்ட வார்த்தையே நிறைய இருக்கிறது. அதில் எதைச் சொல்லியிருந்தாலும் கடுகு சிரித்து மழுப்பியிருப்பாள். இந்த ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியாது. அந்தப் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவள் எதைச் செய்து நீட்டினாலும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, "பரவாயில்லை" என்பார். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனார்கள். அவள் மட்டும் வெங்காயப் பலகை முன்னாலேயே நின்றாள். ஒருநாள் இதே தேங்காய்ப்பால் பாஸ்தாவுக்கும் அவர் அதையே சொன்னபோது, ஏப்ரனை அவிழ்த்து அவர் எதிரிலேயே மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். 'கலவை' பிறந்ததே அந்த வார்த்தையை இனி கேட்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அவன் போனதும் தட்டை டொம்மென்று தொட்டியில் போட்டாள்.

"அண்ணி, எழுதி வெச்சுக்குங்க. அந்தாளு வாயால 'நல்லாருக்கு'ன்னு சொல்ல வெக்கலேன்னா என் பேரு கடுகு இல்ல."

"உன் பேரு கடுகு இல்லையேடி" என்றாள் அண்ணி.

"அண்ணீ!"

மறுநாள் மதியம் அவன் மறுபடி வந்தான். அதற்கு மறுநாளும். அதே ஜன்னலோர மேஜை. கடுகு ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆயுதத்தோடு காத்திருந்தாள். கிம்ச்சி டாக்கோ... பரவாயில்லை. சுட்ட கத்தரிக்காய் பீட்சா... பரவாயில்லை. வேர்க்கடலைச் சாற்றில் நூடுல்ஸ், அதன்மேல் உருகிய பாலாடைக்கட்டி... கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவாயில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அதே முகக் கோணல், அதே இடுங்கிய கண். கிட்டே வந்தால் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒரு சாந்தம்.

"பாருங்க அண்ணி அந்த மூஞ்சியை. பல்வலிக்காரன் பாக்கு மென்ன மாதிரி."

அண்ணி தன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "எனக்கு அப்படித் தெரியலையே. உனக்குத்தான் கண்ணு சரியில்ல."

"நீங்க அவர் கட்சி. கண்ணாடிக் காலை சும்மா இறுக்கிக் குடுத்தார் இல்ல... அந்த விசுவாசம்."

உண்மைதான். அவன் வருகிற போதெல்லாம் எதையாவது இறுக்கிவிட்டுப் போனான். அண்ணியின் கண்ணாடிக் கால், ஆடிக்கொண்டிருந்த ஜன்னலோர மேஜை, வாசல் கதவின் கைப்பிடி. யாரும் கேட்கவில்லை. சாப்பாடு வரும்வரை சும்மா உட்கார அவனுக்குத் தெரியாது. கடுகு அதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். 'கை நல்ல கை... வாய்தான் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகு, அடுத்தவன் கையைப் பற்றி நமக்கென்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் அவன் வரவில்லை. சாதாரண நாள்தான், கடை நிறையக் கூட்டம். ஆனாலும் வாசல் மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கரண்டி ஒரு கணம் நின்றது. உப்புப் போட்ட சூப்புக்கு மறுபடி உப்புப் போட்டாள். மறுநாள் அவன் வந்து, லென்ஸ் வாங்க வெளியே போயிருந்தேன் என்று கேட்காமலே சொன்னான்.

"நான் கேட்டேனா?" என்றாள்.

"இல்ல... சொல்லணும்னு தோணிச்சு."

அன்றைக்கு அவனுக்கு மட்டும் பாஸ்தாவில் எள் கொஞ்சம் தாராளமாக விழுந்தது. கை தவறி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விபரீதம் வந்தது அடுத்த வாரம். கூட்டம் ஓய்ந்த நேரம். இரண்டாம் மேஜைக்குப் போகவேண்டிய சூப்பை ஐந்தாம் மேஜைக்கு அனுப்பி, அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாமாவை, "என்ன தாத்தா, காரம் போதுமா?" என்று ஜன்னலிலிருந்தே விசாரித்திருந்தாள் கடுகு. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார். நரை என்று இவள் நினைத்தது அவர் தலையில் போட்டிருந்த வெள்ளைத் தொப்பி. அண்ணி அந்த மாமாவைச் சமாதானப்படுத்த வாசல் வரை ஓடியிருந்தாள். கண்ணாடிக்காரன் தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

கடுகு நிமிர்ந்தாள். 'இதோ... இன்னிக்கு சொல்லப் போறாரு.' ஏப்ரன் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க..."

"உங்க கண்ணு சரியில்லைங்க."

"...என்ன?"

"தூரப் பார்வை குறைவா இருக்கு. வந்த அன்னிக்கே கவனிச்சேன். ஒரு நாள் கடைக்கு வாங்க, பார்த்துடலாம்."

இவ்வளவுதானா! கண்ணைப் பற்றிப் பேசினான்... இப்படியா பேசுவான்? ஊரில் அவனவன் கண்ணைப் பார்த்து என்னென்னவோ சொல்கிறான், இவன் பவர் சொல்கிறான்.

"என் சாப்பாடு பரவாயில்லை. என் கண்ணு சரியில்லை. வேற? மூக்கு எப்படி, அதையும் சொல்லிடுங்களேன்!"

"நான் அப்படிச் சொல்ல..."

"கண்ணாடி போட்டா அடுப்பு ஆவியில மங்கிப் போயிடும். அது தெரியுமா உங்களுக்கு?"

"ஆவி படியாத பூச்சு இருக்குங்க."

"பூச்சு இருக்கும்! எல்லாத்துக்கும் உங்ககிட்ட பூச்சு இருக்கும். நல்லதா ஒரு வார்த்தைதான் இருக்காது!" குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை, அதனால் இன்னும் வேகமாகப் பேசினாள். "நாலு வருஷம் ஒருத்தர் என்னைப் 'பரவாயில்லை'ன்னே சொல்லிச் சொல்லி மூலையில நிக்க வெச்சாரு. அதிலேருந்து தப்பிச்சு வந்து இந்தக் கடையைப் போட்டேன். இப்போ நீங்க வந்து தினமும் இந்த ஜன்னல்ல நின்னு அதையே சொல்றீங்க. எனக்கு உங்க தீர்ப்பு வேணாம். இனிமே இங்க வராதீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதடு அசைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வாசலில் நின்ற அண்ணியைத் தாண்டிப் போய்விட்டான்.

"என்னடி பண்ணின?" என்றாள் அண்ணி.

"சரியாத்தான் பண்ணினேன்" என்றாள் கடுகு. சொல்லிவிட்டு, உரிக்க வெங்காயம் எதுவும் இல்லாத நேரத்தில், வெங்காயம் எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அவன் வரவில்லை. வராதே என்று சொன்னதும் வராமல் இருக்கிற ஆம்பிளையை முதல்முறையாகப் பார்க்கிறேன் என்றாள் அண்ணி. அந்த வாரம் கடையில் எல்லாமே நன்றாக விற்றது. சாப்பிட்டவர்கள் ஆகா என்றார்கள், ஓகோ என்றார்கள். கடுகுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஜன்னலோர மேஜையை யாருக்கும் கொடுக்க மனம் வராமல், "கால் ஆடுது" என்று பொய் சொல்லி ஓரமாகத் தள்ளி வைத்தாள். அது ஆடவே இல்லை. அவன்தான் இறுக்கியிருந்தானே...

ஒரு மதியம் ஒரு அம்மா வந்தார். பருத்திப் புடவை, கையில் குடை, நிதானமான நடை. நேராக அந்த ஓரத்து மேஜையிலேயே போய் உட்கார்ந்தார். கால் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"எள்ளு போட்டு ஒரு பாஸ்தா இருக்காமே... அது குடும்மா."

கடுகு செய்து அனுப்பினாள். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே இடுங்கிய கண். அதே முட்டிக்கொண்ட புருவம். அச்சு அசல் அதே கோணல்!

கொள்கையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கரண்டியோடு நேரே மேஜைக்கு வந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லையே!" என்றார்.

"நீங்க... அந்தக் கண்ணாடிக்காரரோட..."

"அம்மா. நீதான் அந்தக் கடுகா? உக்காரு."

"நான் நிக்கறேன். குடும்பமே இப்படித்தானா? நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்ல நாக்கு வளையாதா உங்க வீட்டுல?"

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"வளையாது தாயி. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு, பொண்ணு எப்படின்னு கேட்டதுக்கு இவங்கப்பா சொன்னது என்ன தெரியுமா? பரவாயில்லை. உள்ள உக்காந்து நான் அழுதேன். அப்புறம் குடித்தனம் பண்ணப் போனப்பதான் தெரிஞ்சுது, அந்த வீட்டு அகராதியில அதுக்கு மேல வார்த்தையே கிடையாதுன்னு. அவருக்கு ஒரு பயம். எதையாவது நல்லாருக்குன்னு வாய்விட்டுச் சொன்னா அது கையை விட்டுப் போயிடுமாம். புது சைக்கிள் நல்லாருக்குன்னாராம், மறுநாள் திருட்டுப் போச்சாம். அதிலேருந்து எல்லாமே பரவாயில்லைதான். நானும் அதுலயே பழகிட்டேன்."

"அது அவர் பயம். பிள்ளைக்கென்ன?"

அந்த அம்மா முள்கரண்டியால் தட்டில் ஒட்டிய ஒரு எள்ளைத் தொட்டு எடுத்தார்.

"பிள்ளைக்கு அதெல்லாம் சிரிப்பாத்தான் இருந்துது. கிண்டல் பண்ணுவான். போன வருஷம் அவங்கப்பா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. ஒரு நாள் தானா எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாரு. இவனுக்குச் சந்தோஷம் தாங்கல. 'அப்பா, இன்னிக்கு நீங்க ரொம்ப நல்லாருக்கீங்க'ன்னான்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மறுநாள் விடியக்காலையில போயிட்டாரு. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒண்ணும் இல்ல. அவனுக்கும் அது தெரியும். ஆனா அதுக்கப்புறம் அந்த வார்த்தை அவன் வாயில வரலை."

கடுகு உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் வீட்டுக்கு வந்து சொல்லுவான். அம்மா, இன்னிக்கு டாக்கோ, பரவாயில்லை. அம்மா, இன்னிக்கு நூடுல்ஸ், ரொம்பப் பரவாயில்லை. சொல்லிட்டுத் தனக்குத்தானே சிரிச்சுக்குவான். இப்போ கொஞ்ச நாளா பேச்சே இல்ல. என்னடான்னு குடைஞ்சு கேட்டப்பதான், வரவேணாம்னு சொல்லிட்டாங்கம்மா, அவங்க சொன்னதும் நியாயம்தான்னான். அதான்... அப்படி நீ என்னதான் சமைக்கறேன்னு பார்க்க வந்தேன்."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் திரும்பி, "ரொம்பவே பரவாயில்லை" என்றார். சாப்பாட்டைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா, தெரியவில்லை.

கடுகு கொஞ்ச நேரம் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். 'தினமும் இந்த ஜன்னல்ல நின்னு, போயிடக்கூடாதுன்னு பயந்து பயந்து ஒரு வார்த்தையை விழுங்கியிருக்காரு... நான் அதைத் தீர்ப்புன்னு நினைச்சு வெரட்டி விட்டுட்டேன்.' கண்ணில் முட்டிய நீரைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு எழுந்தாள். எழுந்த வேகத்தைப் பார்த்து அண்ணி கல்லாவிலிருந்து நிமிர்ந்தாள்.

"என்னடி?"

"ஒரு பாஸ்தா கட்டப் போறேன்."

"யாருக்கு?"

"சபதம்னு ஒண்ணு போட்டேன் இல்ல... முடிக்காம விட்டதா சரித்திரம் இருக்கா?"

அடுப்பு எரிந்தது. தேங்காய்ப்பால் கொதித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. மூடிய தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அண்ணி குடையை நீட்டுவதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள்.

கண்ணாடிக் கடை நீளமான கடை. சுவர் முழுக்க வெற்று ஃபிரேம்கள். கடைசியில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. அவன் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் லென்ஸ் கையிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றாள் கடுகு, முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட.

"இப்பவா?"

"சரியில்லைன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவன் நாற்காலியைக் காட்டினான். தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வட்ட லென்ஸ் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகுகிற அந்த இரும்புக் கண்ணாடியை அவள் மூக்கில் வைத்தான். விரல் காதோரம் பட்டது.

"இது தெளிவா... இல்ல, இது தெளிவா?"

"முதல்ல போட்டது."

"இப்போ... இதுவா, இதுவா?"

"ரெண்டாவது... இருங்க, மறுபடி காட்டுங்க." வேண்டுமென்றேதான் கேட்டாள். அவ்வளவு கிட்டத்தில் அந்தத் தேன் நிறக் கண்கள் இருக்கும்போது அவசரமென்ன?

கடைசிச் சில்லைப் போட்டதும் எழுத்துப் பலகை பளிச்சென்று எழுந்து நின்றது. வாசல் பக்கம் திரும்பினாள். மழைக்கு அந்தப் பக்கம் 'கலவை' என்கிற எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிற அண்ணிகூடத் தெரிந்தாள். வாசல் மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

"இப்போ அந்தத் தட்டை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஏணியில ஏறச் சொன்னா ஏறுவீங்க, வாசலுக்குப் போகச் சொன்னா கேள்வியா? போங்க. அங்க நின்னு சாப்பிடுங்க."

அவன் போனான். வாசலோரம் நின்று மூடியைத் திறந்தான். எலுமிச்சை இலை வாசனை கடை முழுக்கப் பரவியது. ஒரு வாய் எடுத்து வைத்தான்.

கடுகு பார்த்தாள். அவள் ஜன்னலுக்கும் அவன் மேஜைக்கும் இடையில் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம். ஆனால் இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. கண்கள் இடுங்கவில்லை... மெல்ல மூடிக்கொண்டன. புருவம் சேர்ந்தது கசப்பில் இல்லை. ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற ஒரு பாட்டை நழுவவிடாமல் கேட்கிறவன் முகம் அது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, வெளியே வந்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒளிந்துகொண்டிருந்தது.

'இதையா... இந்த மூஞ்சியையா நான் பல்வலின்னு சொன்னேன்?'

"இத்தனை நாளும் இப்படித்தான் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. சொன்னாங்க... சைக்கிள், அப்பா, எல்லாம்." எழுந்து நின்றாள். "உங்களைக் கேக்காம உங்க வீட்டு வார்த்தைக்கு என் அகராதியில அர்த்தம் பார்த்துட்டேன். தப்பு என்னுதுதான்."

"இல்லைங்க. உங்களுக்கு அது வலிக்கும்னு தெரிஞ்ச பிறகாவது நான் சொல்லியிருக்கணும். அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துது. பயந்துட்டேன்." தட்டை மெதுவாகப் பக்கத்து மேஜையில் வைத்தான். "சொன்னா... நீங்க கடையை மூடிக்கிட்டு எங்கயாவது போயிடுவீங்களோன்னு."

"சொல்லாததுக்கே நீங்கதான் போனீங்க. நான் எங்க போனேன்?"

மழை கூரையில் கொட்டியது. அவன் ஃபிரேம்களைத் தாண்டி ஒவ்வொரு அடியாக அவள் எதிரில் வந்து நின்றான்.

"நல்லாருக்குங்க" என்றான். ஒரு பெரிய பாறையை இறக்கி வைத்தவன் மாதிரி மூச்சு விட்டான். "பாஸ்தா நல்லாருக்கு. டாக்கோ நல்லாருக்கு. நூடுல்ஸ்... ரொம்ப ரொம்ப நல்லாருக்கு. ஆனா நான் தினமும் வந்தது அதுக்கு இல்ல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த ஏணியிலேருந்து இறங்கின நிமிஷத்துலேருந்து பிடிச்சிருக்கு." நிறுத்தினான். "சொல்லிட்டேன். இப்போ... போயிடாதீங்க."

இரும்புக் கண்ணாடிக்குப் பின்னால் கடுகின் கண்கள் நிறைந்து வழிந்தன. எல்லாம் மறுபடி மங்கலாகிவிட்டது. இதற்கு அவனிடம் பூச்சு எதுவும் இருக்காது.

"எங்க போறது?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கண்ணாடி செஞ்சு குடுக்கணும். தினமும் வந்து மேஜைக்கால் இறுக்கணும். எங்கண்ணன் கேப்பான், ஒழுங்கா பதில் சொல்லணும். இவ்வளவு வேலையை வெச்சுட்டு நான் எங்க போக முடியும்? போகமாட்டேன். நாளைக்கும் சொல்லிப் பாருங்க. அப்பவும் அங்கதான் இருப்பேன்."

எதிர்ப்பக்கம் ஜன்னலில் அண்ணி கைகொட்டுவது தெரிந்தது. அவன் வெட்கத்தோடு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"நான் மட்டும்தான் சொல்லியிருக்கேன்... என்னைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

கடுகு அவசரப்படவில்லை. கண்ணைத் துடைத்து, அந்த இரும்புக் கண்ணாடியை ஒழுங்காக மூக்கில் தூக்கிவிட்டுக்கொண்டாள். தலையிலிருந்து கால் வரை அவனைப் பார்த்தாள். நாலு வருஷம் அவளை மூலையில் நிற்கவைத்த அந்தச் சொல்லை, முதல்முறையாகத் தன் வாயாலேயே எடுத்தாள்.

"பரவாயில்லை" என்றாள்.

அவன் கண்கள் மெல்ல மூடிக்கொண்டன. புருவம் சேர்ந்தது. இந்தத் தடவை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.